கேட்டு வந்ததும் கூடவே வந்ததும்

இவனைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா அக்கா? நான் கம்பியைப் பிடிக்க வேண்டும். இல்லை, பை வேண்டாம், பை என்னிடமே இருக்கட்டும். அதில் லேப்டாப் இருக்கிறது. அதை யாரிடமும் கொடுப்பதாக இல்லை. இவன் தலையை மட்டும் தாங்கிக்கொள்ளுங்கள். தலை நின்று ரொம்ப நாளாகிறது, இருந்தாலும் அந்தக் கழுத்தின் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ம், அப்படித்தான்.

நீங்கள் காந்தி மார்க்கெட்டா? கண்டக்டரிடம் சொன்னது காதில் விழுந்தது. நான் அதற்கு அப்புறம், மெயின்கார்டு கேட். நீங்கள் இறங்கும்போது அந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். அதுவரைக்கும் இவன் உங்கள் பொறுப்பு. பெயர் ரெமிஜியுஸ். சிரிக்காதீர்கள், இவன் அப்பாவுடைய தாத்தா பெயர். ரெமி என்றால் போதும். பெரியவனானதும் அந்தப் பெயருக்காக அவன் தன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொள்ளட்டும். நான் இப்போதே போட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்த பஸ்.

நான் கான்வென்டில் இங்கிலீஷ் டீச்சர். படித்ததும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமையோடு பிரசவ லீவு முடிகிறது, திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். சேரப்போவதில்லை. அதைத்தான் மதர் இவாஞ்சலினிடம் சொல்லப் போய்க்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் மதர் ஒரு ஜெபத்தை ஆரம்பித்து, ஆமென் சொல்வதற்குள் என்னைச் சம்மதிக்க வைத்துவிடுவார். நேரில் போனால் நடுவில் பிள்ளையைத் தூக்கிக் காட்டலாம். அழுதானென்றால் இன்னும் நல்லது.

நான் பயந்த சுபாவம் என்று நினைத்துவிடாதீர்கள். கவனம், அவ்வளவுதான். தூங்குகிற பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பது எல்லாரும் செய்கிறதுதானே. சில்வர் டம்ளரைப் பிடித்து ஆவி படிகிறதா என்று பார்ப்பது எல்லாரும் செய்கிறதா, தெரியாது. படிகிறது. குழந்தை டாக்டரிடம் கேட்டேன், டம்ளர் போதுமா, கண்ணாடிதான் சரியா என்று. அடுத்த தடவை போனபோது அவர் பிள்ளையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "உனக்கு என்னம்மா செய்யுது?" என்றார். டாக்டரை மாற்றிவிட்டேன்.

இவன் அப்பா எமில், ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருக்கிறார். நான் வேலைக்குப் போவதற்காக சாயங்கால ஷிஃப்டுக்கு மாற்றி வாங்கிவிட்டார். பகலில் பிள்ளை அவரிடம், சாயங்காலம் என்னிடம். நல்ல ஏற்பாடுதான். நல்ல அப்பாவும்தான். ஆனால் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் தூளி ஆட்டுகிற அப்பா. அதனால் நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து என் போனில் பிள்ளையைப் பார்க்க வேண்டும். எப்போது பார்த்தாலும் தெரிய வேண்டும். அது இருந்தால் வேலைக்குப் போகிறேன், இல்லையென்றால் இல்லை.

கடையில் அதற்கென்றே கேமரா விற்கிறது. வாங்கலாம் என்றேன். எமிலுக்கு அது மானப் பிரச்சினை. வீட்டில் கிடந்த பழைய லேப்டாப், அதைவிடப் பழைய ஒரு கேமரா, இரண்டையும் சேர்த்து அவரே செய்துவிட்டார். லேப்டாப்பின் சொந்த வைஃபை எப்போதோ செத்துப்போனது. பக்கவாட்டில் நகம் அளவுக்கு ஒரு குச்சி செருகியிருக்கும், அதுதான் வைஃபை. பிள்ளை தெரிந்தான். இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை.

அந்த லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் இல்லை அக்கா, லினக்ஸ். பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவர்கள் கத்தோலிக்கர்களான எங்களைப் பார்க்கிற மாதிரி இவர் விண்டோஸ்காரர்களைப் பார்ப்பார். திட்ட மாட்டார், பரிதாபப்படுவார். அதில் ஒரு புரோகிராம் வேண்டுமென்றால் நாமே தேடிக்கொண்டு வர முடியாது. பேக்கேஜ் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது, அதனிடம் கேட்க வேண்டும். அதுவும் ஒரு புரோகிராம்தான். ஆனால் எங்கள் கான்வென்ட் ஆபீஸ் சிஸ்டர் மாதிரியே நடந்துகொள்ளும். ஒன்று கேட்டால், அதற்கு வேண்டிய இன்னும் நாலைந்தையும் கூடவே அழைத்துக்கொண்டு வரும். இது கேட்டு வந்தது, இதெல்லாம் கூடவே வந்தது என்று மனதுக்குள் குறித்து வைத்துக்கொள்ளும். கேட்டால் சொல்லும். கேட்காவிட்டால் வாயைத் திறக்காது.

ஐயோ, பிரேக். பிடித்துக்கொண்டீர்களா? லேப்டாப்புக்கு ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று கேளுங்கள். காலையில் பிள்ளை தூங்கினான். நான் சமையற்கட்டில் போனை அஞ்சறைப்பெட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டு நின்றேன். பிள்ளை இரண்டு கையையும் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு, போலீஸ்காரரிடம் சரணடைந்தவன் மாதிரி மல்லாந்து கிடந்தான். எமில் கிளம்புவதற்கு முன்னால் லேப்டாப்பில் ஏதோ தட்டினார். ஒரு ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று அன்றைக்கு மட்டும் பகல் டியூட்டி. "ஒரு சின்ன அப்கிரேட்தான், ரீஸ்டார்ட் பண்ணிட்டேன், ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு இருந்த நிம்மதி எனக்கு இவன் பிறந்ததிலிருந்து இருந்ததில்லை அக்கா. திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன், பிள்ளை அப்படியே இருக்கிறான். அசையவில்லை, சிணுங்கவில்லை. கடைசியில் பிள்ளை பழகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். வெந்தயக் குழம்பு வைத்தேன். அப்பளம் பொரித்தேன். கோயில் பாட்டுகூட ஒன்று பாடினேன், கல்யாணத்துக்கு அப்புறம் பாடினதே இல்லை.

அப்போது எங்கேயோ ஒரு பிள்ளை அழுகிற சத்தம். வீறிட்டு அழுகிறது. போனைப் பார்த்தேன். ரெமி தூங்குகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று அப்பளத்தைத் திருப்பிப்போட்டேன். சத்தம் நிற்கவில்லை. என்ன தாய் இவள், பிள்ளை இப்படிக் கதறுகிறது, என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. போய்க் கதவைத் தட்டிக் கேட்டுவிடலாம் என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்தால், சத்தம் எங்கள் படுக்கையறையிலிருந்து வருகிறது.

இவன் குப்புறக் கவிழ்ந்து கிடந்தான். முதல் தடவை. கவிழத் தெரிந்துவிட்டது, திரும்பத் தெரியவில்லை. முகமெல்லாம் சிவந்து, மெத்தை நனைந்து, கையொன்று வயிற்றுக்கடியில். என் கையில் போன். போனில் பிள்ளை மல்லாந்து தூங்குகிறான்.

இருங்கள், இவன் கையைக் கொஞ்சம் வெளியே எடுத்துவிடுகிறேன். ம், இப்போது சரி.

அது பழைய படம் அக்கா. ரீஸ்டார்ட் ஆவதற்கு முன்னால் வந்த கடைசிப் படம். அதற்கப்புறம் வைஃபை வரவே இல்லை, படம் அப்படியே நின்றுவிட்டது. இவர் வந்ததும் நான் கத்தவில்லை. கான்வென்ட் பழக்கம், மெதுவாகத்தான் கேட்டேன். அதில்தான் அவர் பயந்துபோனார். என்ன ஆனது என்று ஒரு மணி நேரம் விளக்கினார். நான் எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

அந்த வைஃபை குச்சி ஒரு வெளிநாட்டு விருந்தாளி மாதிரி. அதன் பாஷை நம் மெஷினுக்குத் தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க ஒருத்தர் வேண்டும். அதற்குப் பெயர்தான் டிரைவர். லினக்ஸில் எல்லாவற்றுக்கும் மேலே கெர்னல் என்று ஒன்று, அதை மதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எமில் செய்த அப்கிரேடில் மதர் மாறிவிட்டார். புது மதர் வந்தால் மொழிபெயர்ப்பாளரைப் புதிதாக நியமிக்க வேண்டும், பழைய உத்தரவு செல்லாது. நியமிப்பதற்குப் புது மதரின் சட்டதிட்டப் பிரதி ஒன்று வேண்டும். அதற்கு ஹெடர்ஸ் என்று பெயராம். அந்தப் பிரதியை யாரும் கொண்டு வரவில்லை. மேனேஜரிடம் யாரும் கேட்கவில்லை, அதனால் அதுவும் கொண்டு வரவில்லை. மதரை அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று போய்விட்டது. மொழிபெயர்ப்பாளர் பெட்டியோடு கேட்டுக்கு வெளியே நிற்கிறார். விருந்தாளி உள்ளே உட்கார்ந்து யாருக்கும் புரியாமல் கத்துகிறார். இங்கே நான் வெந்தயக் குழம்பு வைக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி அந்தோனியாரிடம் வேண்டிக்கொண்டேன். காணாமல் போன எதையும் கண்டுபிடித்துத் தருவார். போன வருஷம் கொலுசுத் திருகாணியைக் கண்டுபிடித்துத் தந்தார். டிரைவரைக் கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் காலத்தில் இதெல்லாம் இல்லை பாருங்கள்.

ஆனால் ஒரு வழி இருந்தது. பழைய மதரை உடனே அனுப்பிவிட மாட்டார்களாம். புதியவர் சரியில்லையென்றால் இருக்கட்டும் என்று பின்கட்டில் வைத்திருப்பார்களாம். மெஷினை ஆன் செய்கிறபோது ஒரு பட்டியல் வரும், அதில் இரண்டாவது வரியைத் தொட்டால் பழைய மதர் வந்துவிடுவார், டிரைவரும் வேலை செய்யும். எமில் செய்து காட்டினார். பிள்ளை திரும்பவும் போனில் அசைந்தான். "ஞாயித்துக்கெழம முழுசா சரிபண்ணித் தரேன் பிரிசில், அதுவரைக்கும் ரெண்டாவது வரி, மறந்துடாத" என்றார்.

நேற்று நான் ஆன் செய்தேன். அந்த நேரம் பார்த்து இவன் அழுதான். தூக்கிக்கொண்டு வருவதற்குள் அது தானாக முதல் வரிக்குப் போய்விட்டது. வைஃபை இல்லை. அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்திருக்கலாம் என்று இப்போது எமில் சொல்கிறார். இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அப்கிரேடால் கெட்டது அப்கிரேடால்தான் சரியாகும் என்று நான் நினைத்தேன். போனை வயரில் சொருகி அதிலிருந்தே நெட் கொடுக்க அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்கிரேட் கொடுத்தேன். இன்னொரு புது மதர் வந்து உட்கார்ந்தார். வைஃபை அப்போதும் வரவில்லை.

அப்புறம் அந்த மேனேஜர் ஒன்று சொன்னது. இவையெல்லாம் கூடவே வந்தவை, இனி யாருக்கும் தேவையில்லை, நீக்க இந்தக் கட்டளையைக் கொடுக்கலாம் என்று. எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறது பாருங்கள். தேவையில்லாததை மேஜைமேல் வைத்திருந்தால் எங்கள் சிஸ்டர்கள் ஸ்கேலாலேயே தட்டித் தள்ளிவிடுவார்கள், அப்படி வளர்ந்தவள் நான். கொடுத்தேன். நிஜமாகத்தானா என்று கேட்டது. ஆமாம் என்று தட்டினேன். சுத்தமாக இருந்தது.

பின்கட்டில் இருந்த பழைய மதர் போய்விட்டார். இரண்டாவது வரியைத் தொட்டால் இப்போது அங்கே இருப்பதும் செவ்வாய்க்கிழமை வந்த புது மதர்தான். பிழையை என்மேல் போடுகிறார் எமில். கேட்கிறபோது பதில் சொல்வது ஒரு குற்றமா?

என்ன கண்டக்டர்? இதோ, ஓரமாகத்தான் நிற்கிறேன். கேட்டீர்களா அக்கா அவர் சொன்னதை? "எல்லாரும் பைய குடுத்துட்டுப் புள்ளைய வெச்சுப்பாங்க, நீ என்னம்மா மாத்தி நிக்கிற?" என்கிறார். டிக்கெட் கிழிக்கிற வேலையைப் பார்க்காமல். பையை எப்படிக் கொடுப்பது? யார் என்ன செய்வார்களோ.

போன் அடிக்கிறது, இவர்தான். அடிக்கட்டும்.

இன்றைக்குக் காலையில் சண்டை. அவர் சொன்னார், ஹெடர்ஸ் போட்டுவிட்டால் டிரைவர் தானாக வந்துவிடும், பத்து நிமிஷம் கொடு என்று. நான் சொன்னேன், உங்கள் பத்து நிமிஷத்தில் பிள்ளை குப்புற விழுந்துவிடுகிறான் என்று. அதற்கு அவர் சொன்னதைக் கேளுங்கள். "அந்தக் கேமராவே இல்லன்னா சத்தம் கேட்டதும் நீ ஓடியிருப்ப பிரிசில்." எப்படித் திருப்புகிறார் பார்த்தீர்களா. பத்தடி தூரத்தில் பிள்ளை அழுதால் எனக்குத் தெரியாதாம்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. கேட்டு வந்ததை மேனேஜர் தானாக நீக்காது, கூடவே வந்ததைத்தான், தேவையில்லை என்று ஆனதும் நீக்கும், இல்லையா? எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது தெரியுமா? கான்வென்ட் கம்ப்யூட்டர் லேப் ரிப்பேர் என்று இவரைக் கூப்பிட்டார்கள். லேப் சாவி என்னிடம் இருந்தது. அவ்வளவுதான் சம்பந்தம். ஒரு மாதம் இவர் கம்ப்யூட்டரைப் பிரித்துப்போட்டார், நான் சாவியோடு வாசலில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தினேன். மதர் இவாஞ்சலின் இரண்டு பேரையும் பார்த்தார், இரண்டு வீட்டுக்கும் போன் போட்டார். முடிந்தது. அதனால் கேட்டேன். "நான் நீங்க கேட்டு வந்தவளா, லேபோட கூடவே வந்தவளா?"

இந்தக் கேள்விக்கு எந்தப் புருஷனும் யோசிக்கக் கூடாது. பொய்யாவது சொல்ல வேண்டும். இவர் யோசித்தார். பிள்ளையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு யோசித்தார். அப்புறம் சொல்கிறார்:

"வந்தப்ப கூடவே வந்தவதான். ஆனா அத மாத்திக்கலாம். கூட வந்தத, இது நான் கேட்டது, எனக்கு வேணும்னு நாமளே குறிச்சு வெச்சிரலாம். ஒருதடவ குறிச்சிட்டா அப்பறம் அது தேவையில்லாத கணக்குல வராது. உன்ன நான் எப்பவோ குறிச்சிட்டேன்."

கேட்டீர்களா? கட்டின பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா இது? என்னை ஒரு புரோகிராமோடு சேர்த்துவிட்டார். வேறு ஒருத்தர் என்றால் நாலு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார். லேப்டாப்பை மூடினேன், பையில் போட்டேன், பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். லேப்டாப்பை விட்டுவிட்டு வந்தால் அதில் இன்னும் என்னென்ன செய்வாரோ. பிள்ளையை விட்டுவிட்டு வந்தால் பார்க்கவும் முடியாது. இரண்டும் என்னோடு.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? கண்ணில் தூசியா? ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். மார்க்கெட்டுக்கு முன்னால் வருகிற இந்தப் பால்பண்ணையில் எப்போதும் இப்படித்தான், ஒரே புழுதி.

பால்பண்ணை இல்லையா? அப்படியென்றால் இது எந்த ஸ்டாப்? அது மெயின்கார்டு கேட் வளைவுதானே? நான் இறங்க வேண்டிய இடம். அக்கா, மார்க்கெட் எப்போது போனது? நீங்கள் மார்க்கெட் என்றுதானே டிக்கெட் வாங்கினீர்கள், இறங்கவே இல்லையே?

என்ன? எழுப்ப மனசு வரவில்லையா?

தூங்குகிறானா இவன்? எப்போது தூங்கினான்? வாயைத் திறந்துகொண்டு, உங்கள் புடவையெல்லாம் எச்சில். இரண்டு கையையும் தூக்கிப் போட்டுக்கொண்டு, அதே மாதிரிதான். வயிறு ஏறி இறங்குகிறது. ஹாரன் அடித்ததும் கண்ணைச் சுருக்கினான், பார்த்தீர்களா? திரும்பவும் தூங்கிவிட்டான்.

கொடுங்கள், இறங்குகிறேன். இல்லை, இருங்கள். இருங்கள். இப்போது தூக்கினால் முழித்துவிடுவான். விசில் கொடுங்கள் கண்டக்டர், நான் இறங்கவில்லை. பரவாயில்லை, சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய்த் திரும்பி வருகிற பஸ் இதேதான், உங்களை மார்க்கெட்டில் விட்டுவிட்டு நாங்கள் போகிறோம். மதருக்கு என்ன, எங்கே போகப்போகிறார். திங்கட்கிழமை சொல்லிக்கொள்கிறேன். காலையில் பிரேயர் முடிந்ததும் முதல் பீரியட் எனக்கு எட்டாம் வகுப்பு, அது முடிந்ததும் நேராகப் போய் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பையைக் கொஞ்சம் காலடியில் வைத்துக்கொள்கிறீர்களா? கை வலிக்கிறது. போன் விடாமல் அடிக்கிறது, எடுத்துத்தான் தொலைக்க வேண்டும்.

"ம், சொல்லுங்க. பஸ்லதான். தூங்குறான். என் மடியில இல்ல, ஒரு அக்கா மடியில. தெரிஞ்சவங்கதான். திருவெறும்பூர்லேர்ந்து வெச்சிருக்காங்க. பேரா?"

அக்கா, உங்கள் பெயர் என்ன?